நடுக்கோடையில் வீடு தேடி வந்தவர்

சுவீடனின் வடக்கே, கடலுக்கும் பைன் காட்டுக்கும் நடுவில் ஒற்றைத் தெருவாக நீண்டு கிடந்த லில்ஹம்ரா என்ற ஊரில், ஒரு நடுக்கோடை நாள் விடிந்தபோது, விடிந்தபோது என்று சொல்வதுகூட ஒரு பேச்சுக்குத்தான், அந்தப் பருவத்தில் அங்கே சூரியன் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்துவிட்டு உடனே எழுந்துகொள்ளும், இருபத்துமூன்று பெண்கள் ஒரே ஆளைக் கனவில் கண்டு எழுந்தார்கள்.

நடுக்கோடை என்றால் அந்த நாட்டில் கடைகள் பூட்டிக்கொள்ளும், பேருந்துகள் குறைந்துபோகும், பட்டணத்துச் சனமெல்லாம் புல்வெளி தேடிப் போய்விடும். இலையும் பூவும் சுற்றிய உயரமான கம்பத்தை நட்டு, வங்கி மேலாளரும் மீன்காரரும் கைகோத்து அதைச் சுற்றி ஆடி, தவளைகளைப் போலக் குந்திக் குந்தித் துள்ளி, ஊறவைத்த ஹெரிங் மீனும் புது உருளைக்கிழங்கும் ஸ்ட்ராபெரி கேக்கும் தின்று களைத்த பிறகு, பெண்கள் யாரோடும் வாய் பேசாமல் ஏழு வேலிகளைத் தாண்டி ஏழு வகைப் பூப் பறித்துவந்து தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார்கள். கட்டப்போகிறவன் கனவில் வருவான் என்பது ஐதீகம். மற்ற ஊர்களில் கன்னிப்பெண்கள் மட்டும் செய்கிற இந்தக் காரியத்தை லில்ஹம்ராவில் கல்யாணமானவர்களும் கைம்பெண்களும் கிழவிகளும்கூட விடாமல் செய்துவந்தார்கள், ஏனென்றால் எப்போதும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள், அங்கே அதைவிடப் பெரிய காரணம் எதற்கும் தேவைப்பட்டதில்லை.

ஆகவே அந்தச் சனிக்கிழமை மதியம், தேவாலயத்து மண்டபத்தின் முன்னால் நீண்ட மேசை போட்டு, முந்தின நாள் மிச்சமான மீனைத் தின்றுகொண்டிருந்தபோது, நூலகத்து மரியான்தான் முதலில் வாயைத் திறந்தாள். ஒரு மெலிந்த கறுத்த ஆள், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், நீலக்கட்டம் போட்ட துணியை இடுப்பில் சுற்றியிருந்தான், இடது புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டாக இருந்தது என்று அவள் சொல்லிக்கொண்டே போக, மேசை முழுக்க முள்கரண்டிகள் ஒவ்வொன்றாகத் தட்டில் இறங்கின. பேக்கரியில் வேலை செய்கிற பெண்ணும் அவனைத்தான் கண்டிருந்தாள். தபால்காரியும் அவனைத்தான். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தான் என்று ஒருத்தி சொன்னபோது மற்றவர்கள் எல்லாரும் மெச்சித் தலையாட்டினார்கள், வெளிச் செருப்போடு வீட்டுக்குள் வருகிறவனைக் கனவில்கூடச் சகிக்காத ஊர் அது. சமையலறையில் நின்று மரியாதையாக ஏதோ கேட்டான், புரியவில்லை என்று கையை விரித்ததும் மன்னிப்புக் கேட்கிறவன் மாதிரி புன்னகைத்தான், அடுத்த வீட்டுக்குப் போனான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தவமலர் தன் சைக்கிளில் அந்தப் பக்கம் வந்தாள். முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, அப்படியே பகல் வேலையிலும் பாதி பார்த்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். நாட்காட்டியில் சிவப்பாக அச்சிட்ட நாளெல்லாம் அவள்தான் வேலை செய்வாள், கேட்டு வாங்கிச் செய்வாள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், மே முதலாம் தேதி, நடுக்கோடை, எதுவானாலும் மற்றவர்கள் குடும்பத்தோடு இருக்கட்டும் என்பாள். அந்த நாட்களில் அவளுடைய மஞ்சள் வீட்டில் சத்தமே இருக்காது, குழாய்த் தண்ணீர் சொட்டுவது மூன்று அறைக்கும் கேட்கும் என்பதை அவள் யாருக்கும் சொன்னதில்லை.

"வா, உட்கார், காபி குடி" என்று கூப்பிட்டாள் கூன்ஹில்ட். தவமலரின் பக்கத்து வீட்டுக்காரி, எண்பத்தெட்டு வயது. அறுபது வருஷம் தேவாலயப் பாடகர் குழுவில் லத்தீன் புரியாமலே லத்தீனில் பாடியவள், ஆகவே பொருள் தெரியாத ஒலியைச் சிந்தாமல் சுமந்துவரும் பழக்கம் அவளுக்கு உண்டு. "அந்த ஆள் என்ன கேட்டான் என்று எனக்கு நினைவிருக்கிறது" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணை மூடி, பாடுகிறவளைப் போலவே சொன்னாள்.

"தவமலரின்ர வீடு எங்க இருக்கு?"

சைக்கிள் தவமலரின் கையிலிருந்து நழுவிப் புல்லில் விழுந்தது. பதினைந்து வருஷமாக அந்தக் குரலில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. கிழவியின் தொண்டைக்குள்ளிருந்து, இழுவையும் மூச்சும் குறையாமல், அவளுடைய புருஷன் குகநேசன் பேசினார்.

இலங்கையில், போரின் கடைசிக் கிழமையில், நந்திக்கடல் பக்கமாகச் சனம் நெருக்கிக்கொண்டு நடந்தபோது, "நீ முன்னால போ, நான் பின்னால வாறன்" என்றார் அவர். விழுந்து கிடந்த ஒரு கிழவரைத் தூக்கத்தான் திரும்பினார். அவள் முன்னால் போனாள். முகாமுக்குப் போனாள், அங்கிருந்து கொழும்புக்கு, அங்கிருந்து விமானத்தில், கடைசியில் வரைபடத்தில் இதற்கு மேல் போக இடமில்லை என்கிற இந்த ஊர்வரைக்கும் முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். அவர் பின்னால் வரவில்லை. செத்தார் என்று எவரும் சொல்லவில்லை, இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. அவள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவில்லை, திவசம் கொடுக்கவில்லை, படத்துக்கு மாலை போடவில்லை. போட்டால் அவளே அவரைக் கொன்றமாதிரி ஆகிவிடும்.

எல்லாவற்றையும் அவள் சொல்லி முடித்தபோது மேசையில் ஒருவரும் அது எப்படி நடக்கும் என்று கேட்கவில்லை. வேறு ஒரு கவலைதான் அவர்கள் முகத்தில் ஓடியது: இன்னொருத்தியின் புருஷனை அனுமதியில்லாமல் கனவு கண்டுவிட்டோமே என்ற கவலை. அடுத்த ஒரு வாரத்துக்கு மஞ்சள் வீட்டு வாசலில் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி ருபார்ப் கேக்கோடு வந்து மன்னிப்புக் கேட்டாள். இன்னொருத்தி, தான் அப்போது இரவு உடையில் இருந்ததாகவும், ஆனால் அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டதாகவும் உறுதி சொன்னாள். மரியானின் கணவர் இங்கமார், மரம் அறுக்கும் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், இரண்டு நாள் மனைவியோடு பேசாமல் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் புகையில் வாட்டிய மீன் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்தபடி, "என் மனைவி சார்பாக வருத்தப்படுகிறேன்" என்றார். கொஞ்சம் நின்றுவிட்டு, "நல்ல ஆள் என்று சொல்கிறாள்" என்றார்.

தவமலர் எல்லாருக்கும் தேநீர் கொடுத்து அனுப்பினாள். கதவைச் சாத்திய பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வீட்டுக் கதவைத் தட்டின மனிசன் என்ர கதவைத் தட்டேல்லையே என்று நினைத்தாள். அன்றைக்கு அவள் படுக்கையில் இல்லை, பூப் பறிக்கவில்லை, யாரோ ஒருவருடைய அம்மாவுக்கு உடுப்பு மாற்றிக்கொண்டு விழித்திருந்தாள். விழித்திருக்கிறவள் வீட்டுக்குக் கனவில் எப்படி வருவார்? இனி ஒரு வருஷம் காத்திருக்கவேண்டும்.

ஒரு வருஷம் இருக்கிறது என்பதுதான் ஊருக்கும் தோன்றியது, ஆனால் ஊர் அதை வேறுவிதமாக எடுத்துக்கொண்டது. ஏதாவது ஒரு சிக்கல் வந்தால் சங்கம் கூட்டிக் காபி ஊற்றி ஒருவரைக் குறிப்பு எழுதவைப்பது அவர்கள் வழக்கம். ஆகஸ்ட் பிறந்ததும் மரியான் நூலகத்தில் ஒரு படிப்பு வட்டம் தொடங்கினாள், வியாழக்கிழமை தோறும் மாலை ஆறு மணி, இலவங்கப்பட்டை ரொட்டி உண்டு. "அந்த மனிதர் வழி கேட்கிறார். நமக்கு வழி தெரியும், மொழிதான் தெரியாது. ஒரு வாக்கியம் போதும்" என்றாள். தவமலர் கரும்பலகையில் எழுதிக் கொடுத்தாள்: இந்த வழியால நேர போங்கோ, மஞ்சள் வீடு, தவமலர் அங்கதான் இருக்கிறா.

இருபத்துமூன்று பெண்களும் குளிர்காலம் முழுக்க அதைச் சொல்லிப் பழகினார்கள். பேக்கரியில் மாவு பிசைகிறவள் சொல்லிக்கொண்டே பிசைந்தாள், தபால்காரி பெட்டிக்குப் பெட்டி சொல்லிக்கொண்டு போனாள். மரியானுக்கு ழகரம் வரவில்லை. நாக்கை மடித்து மடித்து அவள் படுகிற பாட்டைப் பார்த்து, "எங்கட ஆக்களே வளி எண்டுதான் சொல்லுவினம், பரவாயில்லை" என்று தவமலர் சொன்னாலும் அவள் கேட்கவில்லை. "பாதை சொல்கிறபோது தப்பாகச் சொல்லக்கூடாது" என்றாள்.

அந்தப் பெண்களில் யாரோ ஒருத்தி இன்னொன்றும் சொல்லிவைத்தாள்: கட்டப்போகிறவன்தானே வருவான், செத்தவன் எப்படிக் கட்டுவான், ஆகவே அவர் உயிரோடுதான் இருக்கவேண்டும். ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அது தவமலருக்குள் விழுந்து முளைத்தது.

நவம்பரின் தொடக்கத்தில் எல்லாப் புனிதர் நாள் வந்தது. அன்றைக்கு அந்த நாட்டில் எல்லாரும் கல்லறைக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், சாயங்காலம் மூன்றரைக்கே இருட்டிவிடும், பனியில் ஆயிரம் சுடர்கள் தரையோடு தரையாக நிற்கும், யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். தூரத்தில் புதைக்கப்பட்டவர்களுக்காக அங்கே ஒரு பொதுக்கல் உண்டு. அவருக்கும் ஒன்று ஏற்றட்டுமா என்று பெண்கள் கேட்டபோது தவமலர் பதறிப்போய், "வேண்டாம், அவர் இருக்கிறார்" என்றாள். அவர்கள் கல்லின்மேல் ஒரு மெழுகுவர்த்தி வைக்கும் அளவுக்கு இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மற்ற இடத்தில் ஏற்றினார்கள்.

கூன்ஹில்ட் தன் கணவர் ஓக்கெயின் கல்லின் முன்னால் நின்றாள். ஓக்கெ நாற்பத்தொரு வயதில் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவர். "வருஷா வருஷம் நடுக்கோடையில் என் கனவில் வருவார், அதே நாற்பத்தொரு வயதுக்காரராக. போன தடவைதான் வரவில்லை, உன் ஆள் வந்ததால்" என்றாள், குறையாக அல்ல, நடந்ததைச் சொல்கிறவளாக. பிறகு கேட்டாள்: "காணாமல் போனபோது அவருக்கு எத்தனை வயது?"

"முப்பத்துமூன்று."

"இப்போது இருந்தால்?"

"நாற்பத்தெட்டு" என்றாள் தவமலர். சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம், நாற்பத்தெட்டு வயதுக் குகநேசன் எப்படி இருப்பார், மயிர் கொட்டியிருக்குமோ, தொப்பை வைத்திருக்குமோ என்று பார்க்கிற வெளிச்சம். கூன்ஹில்ட் தான் கண்ட முகத்தில் ஒரு நரைகூட இருக்கவில்லை என்பதை நினைத்தாள். அதைச் சொல்லவில்லை. குனிந்து, சாயாமல் நின்ற மெழுகுவர்த்தியை நேராக நிமிர்த்தி வைத்தாள்.

அந்த வருஷம்தான் தவமலர் முதல்முறையாக விடுமுறைகளை விடுமுறையாகக் கழித்தாள். டிசம்பர் பதின்மூன்றாம் தேதி விடியற்காலையில் வெள்ளை அங்கியும் தலையில் சுடரும் தாங்கிய பெண்பிள்ளைகள் பாடிக்கொண்டு வந்தபோது, வேலைக்காரியாக ஓரத்தில் நில்லாமல் வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் நாடே பழைய கார்ட்டூன் படம் பார்க்கத் தொலைக்காட்சிக்கு முன்னால் குந்துகிற நேரத்தில் மரியான் வீட்டுச் சோபாவில் அவளுக்கும் இடமிருந்தது. ஈஸ்டருக்குப் பிர்ச் மரக் கிளைகளை ஜாடியில் வைத்து வண்ண இறகுகளைக் கட்டினாள், சூனியக்காரிகளாக வேஷம் போட்டு வந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். ஏப்ரல் கடைசியில் கடற்கரையில் குளிர்காலத்தை விரட்ட நெருப்பு மூட்டியபோது எல்லாரோடும் நின்று கன்னம் சூடாகப் பார்த்தாள். ஒவ்வொரு சிவப்பு நாளையும் ஒரு படியாகக் கால் வைத்து ஏறினாள், மேலே கதவு திறந்திருக்கிறது என்று நம்புகிறவள் ஏறுகிறமாதிரி. அந்த நம்பிக்கையைப் பார்க்கப் பார்க்க கூன்ஹில்டுக்குப் பயமாக இருந்தது.

மறுபடி நடுக்கோடை வந்தது. லில்ஹம்ராவின் ஆண்கள் தங்களுக்குள் பேசி ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்: முதியோர் இல்லத்து இரவு வேலையை அவர்களே பகிர்ந்துகொள்வது, ஊரில் ஒரு பெண்ணும் விழித்திருக்கக்கூடாது. இங்கமார் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். கம்பம் நட்டார்கள், ஆடினார்கள், துள்ளினார்கள், ஆனால் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே கலைந்தார்கள். பிறகு இருபத்துநான்கு பெண்கள், இந்தத் தடவை இருபத்துநான்கு, ஒரு சொல் பேசாமல் சாயாத வெயிலில் வேலிகளைத் தாண்டிக்கொண்டு போனார்கள். எண்பத்தொன்பது வயது கூன்ஹில்டைத் தபால்காரியும் தவமலரும் இரண்டு பக்கமும் பிடித்து ஏழு வேலிக்கும் தூக்கிவிட்டார்கள். மணிப்பூ, டெய்சி, க்ளோவர், காட்டு ஜெரேனியம். மற்றவை தவமலருக்குப் பெயர் தெரியாதவை. தலையணைக்கடியில் வைத்துப் படுத்து, திரைச்சீலையை மீறி வந்த வெளிச்சத்தில், தூக்கம் வராதோ என்று நடுங்கிக்கொண்டே தூங்கிப்போனாள்.

அவர் வந்தார். வாசலில் செருப்பு கழலும் சத்தம் கேட்டது. சமையலறையில் அவள் நின்றுகொண்டிருந்தாள், வெயில் மேசை முழுக்க விழுந்திருந்தது. நீலக்கட்டச் சாரம், வெட்டுப்பட்ட புருவம், முழங்கால்வரை உப்புச் சேறு. அன்றைக்குத் திரும்பி நடந்தபோது எப்படி இருந்தாரோ அப்படியே.

"குறை நினைக்காதேங்கோ அக்கா" என்றார். "தவமலரின்ர வீடு எங்க இருக்கு? இந்தத் தெருவில எல்லாரும் இந்த வீட்டைத்தான் காட்டுகினம். ஒரு அம்மா வழி எண்டு அவ்வளவு வடிவாச் சொன்னா, எங்கட தமிழ் வாத்தியாருக்குப் பிறகு நான் அப்பிடிக் கேக்கேல்லை."

அக்கா. அவள் கை தானாகத் தன் தலைக்குப் போனது, நரைத்த முன்மயிருக்கு, மூக்கில் பள்ளம் விழுத்திய கண்ணாடிக்கு. "இதுதான் வீடு" என்றாள். "நான்தான்."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். மரியாதையாக, கவனமாக, மங்கின படத்தில் முகம் தேடுகிறவரைப் போலப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பகிடி விடாதேங்கோ அக்கா. அவ சின்னப் பிள்ளை மாதிரி இருப்பா, ரெட்டைப் பின்னல். முன்னால போ, நான் பின்னால வாறன் எண்டு அனுப்பிப்போட்டன். பயந்துகொண்டு நிப்பா."

அவளால் நிரூபித்திருக்க முடியும். அவருடைய முதுகில் எந்த இடத்தில் மச்சம் என்று சொல்லியிருக்கலாம், கல்யாண நாளில் பந்தலில் தடுக்கி விழுந்தது யார் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவார். நம்பினால், அவள் எப்படிக் கிழவியானாள் என்றும் தான் ஏன் ஆகவில்லை என்றும் யோசிப்பார். அந்த முகம் அதை யோசிக்கத் தொடங்குவதைப் பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை.

"அவ வேலைக்குப் போயிட்டா, தம்பி" என்றாள். "இருங்கோ, சாப்பிட்டுப் போகலாம்."

அவர் இருந்தார். அன்றைய பண்டிகைச் சாப்பாடுதான் இருந்தது. உருளைக்கிழங்கும் ஹெரிங்கும் எடுத்து வைத்தாள். பசியோடு சாப்பிட்டார். "மீன் இனிக்குது அக்கா" என்றார்.

"இஞ்ச அப்பிடித்தான்."

"அவ இதைச் சாப்பிடுறவவோ?"

"முதல் வருஷம் தொடவே இல்லை. பிறகு பழகிட்டா."

அவர் தட்டைத் தள்ளிவைத்து, கேட்கத் தயங்கிக் கேட்டார். "தனியவோ இருக்கிறா?"

தவமலர் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெரு நெடுக வீடுகள், ஒவ்வொன்றிலும் ஒருத்தி தலையணைக்கடியில் பூ வைத்துக்கொண்டு தூங்கினாள்.

"இல்லை" என்றாள். "தனிய இல்லை."

அவருடைய தோள் இறங்கியது. கழுவிய கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். "அப்ப சரி அக்கா. அவ வந்தாச் சொல்லுங்கோ, சொன்னமாதிரி நான் வந்தனான் எண்டு."

"சொல்லுறன்."

எந்த வீட்டுப் பக்கமும் திரும்பாமல், கம்பம் நட்ட புல்வெளியைக் கடந்து, கடல் பக்கமாக அவர் நடந்து போனார்.

அவள் எழுந்து வெளியே வந்தபோது இருபத்துமூன்று பெண்களும் மண்டபத்து மேசையில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள், ப்ளாஸ்க்குகளும் கோப்பைகளும் வைத்தபடி, ஒருத்தியும் ஊற்றாமல். வாக்கியத்தை எல்லாரும் சொல்லியிருந்தார்கள். எல்லா வீட்டிலும் அவர் நன்றி சொல்லியிருந்தார்.

"வந்தாரா?" என்றாள் மரியான்.

"வந்தவர்."

மேசையில் ஒரு சந்தோஷச் சலசலப்பு எழுந்தது. கூன்ஹில்ட் மட்டும் அசையாமல் தவமலரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு" என்று தொடங்கி, மூச்செடுத்து, தவமலர் முடித்தாள்: "அவருக்கு இன்னும் முப்பத்துமூன்று வயதுதான்."

சுவீடனில் பக்கத்து வீட்டில் ஒரு சாவு என்றால் தெருவில் உள்ளவர்கள் தங்கள் கொடியைப் பாதிக் கம்பத்துக்கு இறக்குவார்கள், அதுதான் அவர்களின் துக்க விசாரிப்பு, வாயால் அதிகம் கேட்கமாட்டார்கள். ஆனால் நடுக்கோடை நாள் கொடி நாள், கொடி உச்சியில்தான் பறக்கவேண்டும், அதை அன்றைக்கு இறக்கியதாக லில்ஹம்ராவில் யாருக்கும் நினைவில்லை. கூன்ஹில்ட் மேசையைப் பிடித்து எழுந்தாள். தன் தோட்டத்துக்கு நடந்து, கயிற்றை அவிழ்த்து, நீலமும் மஞ்சளுமான அந்தத் துணியைப் பாதிவரை இறக்கிக் கட்டினாள். அடுத்து மரியான் எழுந்தாள். பேக்கரிப் பெண் எழுந்தாள். இரவு வேலை முடிந்து சைக்கிளில் வந்த இங்கமார் தெருமுனையில் கால் ஊன்றி நின்று, வரிசையாக இறங்கி நின்ற கொடிகளைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, தவமலர் மேசையின் நடுவில் நின்றபடி வாய்விட்டு அழுதாள், அவளுடைய ஊரில் சாவீட்டில் அழுகிறமாதிரி, நெஞ்சில் அடித்து, பெயர் சொல்லி, கேள்வி கேட்டு, நீட்டி நீட்டி, அந்த வடக்கில் அதுவரை ஒருவரும் கேட்டிராத குரலில், பதினாறு வருஷத்து அழுகையை. தமிழில் அந்த வாக்கியம் ஒன்றுதான் அவர்களுக்குத் தெரியும், ஆகவே ஒரு சொல்லும் புரியவில்லை. ஒருத்தியும் எழுந்து போகவில்லை. வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்ந்தது, அவள் அழுது முடிக்கும்வரை அவர்கள் இருந்தார்கள்.